முடிவிலியும் கருந்துளையும்

கணிப்பானில் 1ஐப் பூச்சியத்தால் வகுத்தால் "பிழை" என்று காட்டும். எமது பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. ஆனால் இதே சிக்கல்தான் கருந்துளையின் நடுவிலும் உள்ளது.

1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் பேர்லினில் பொதுச் சார்புக் கோட்பாட்டின் சமன்பாடுகளை வெளியிட்டார். பிராங்பேர்ட்டில் பிறந்து, பொட்ஸ்டாம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் அப்போது போர்முனையில் இருந்தார். அங்கிருந்தே சில வாரங்களில் அவற்றுக்கு முதலாவது துல்லியமான தீர்வைக் கண்டு ஐன்ஸ்டீனுக்கு எழுதினார். 1916 மே மாதம், 42ஆவது வயதில், நோயினால் காலமானார்.

அத்தீர்வில் இரண்டு இடங்களில் முடிவிலி தோன்றுகிறது.

முதலாவது, கருந்துளையின் எல்லை. சூரியனை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆரைக்குள் அமுக்கினால் அவ்வெல்லை உண்டாகும். ஒளியும் அதைத் தாண்டி வெளியேறாது. ஆனால் இங்குள்ள முடிவிலி அளக்கும் முறையால் வந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. வடதுருவத்தில் நெடுங்கோடுகள் எல்லாம் ஒன்றுகூடுவதால் பூமி அங்கே உடைந்துவிடுவதில்லை அல்லவா?

இரண்டாவது, நடுப்புள்ளி. அளக்கும் முறையை எப்படி மாற்றினாலும் இந்த முடிவிலி நீங்காது. கோட்பாட்டின்படி இத்தகைய முறிவு தவிர்க்க முடியாதது என 1965இல் ரொஜர் பென்ரோஸ் நிறுவினார். அதற்கு உதவியது, 1955இல் வங்காளத்தவரான அமல் குமார் ராய்சௌத்ரி வெளியிட்ட சமன்பாடு.

எமது பௌதிக விதிகள் அவ்விடம்வரை செல்லாது என்றே விஞ்ஞானிகள் பெரும்பாலும் கருதுகின்றனர். ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் கோட்பாடு இன்னும் கைகூடவில்லை. ஷ்வார்ட்ஸ்ஷில்ட் பணியாற்றிய பொட்ஸ்டாமில், மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியல் நிறுவனத்தில், அந்தத் தேடல் தொடர்கிறது.

கணிப்பான் "பிழை" என்று காட்டும்போது, ஏன் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்.