முதுமைக்கால சேமிப்பும் நம் பொறுப்பும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் ஜும்ஆவுக்குப் பின் நின்று பேசும்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. “அரசாங்கத்தை நம்பியிருந்தால் வயதான காலத்தில் நம் கதி என்ன?”

இந்த அவநம்பிக்கை காரணமின்றி வந்ததல்ல. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் நிறுத்தப்பட்டது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, அதே அளவு அரசும் சேர்க்கும் என்றார்கள். ஆனால் அப்பணத்தை மத்திய ஓய்வூதிய ஆணையத்திடம் ஒப்படைக்காமல் மாநில அரசே நெடுங்காலம் வைத்துக்கொண்டது. ஊழியர்கள் பலமுறை போராட வேண்டியிருந்தது. தனியார் தொழிலாளர் நிலையோ, 2014இல் குறைந்தபட்ச மாதப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்ததிலிருந்தே விளங்கும். அந்தத் தொகையில் சென்னையில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க முடியுமா?

ஆகவே நம் முதுமைக்கு நாமே வழி தேட வேண்டும். இது தவக்குலுக்கு மாற்றமானதன்று. ஹஜ்ரத் யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைப் பஞ்சத்துக்காகக் கதிரோடு சேமிக்கச் சொன்னதை நாம் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸில் வந்துள்ளது.

முதலில் பிராவிடண்ட் ஃபண்டை எடுத்துக்கொள்வோம். அதில் சேரும் வட்டியைத் தொடலாமா என்று பலர் கேட்கிறார்கள். முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) போன்ற ஹனஃபி உலமாக்களின் தீர்ப்பு வருமாறு: கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை ஊழியரின் கைக்கு வந்து சேரவேயில்லை. எனவே அதன்மேல் நிர்வாகம் சேர்த்துத் தருவது, பெயர் வட்டியானாலும், மார்க்கம் தடுத்த வட்டியாகாது. கைக்கு வரும்வரை அதற்கு ஜகாத்தும் கடமையில்லை. ஆனால் விரும்பி அதிகமாகப் பிடிக்கச் சொன்ன தொகைக்குரிய கூடுதலைத் தவிர்த்துக்கொள்வதே பேணுதல். இதில் மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உண்டு. ஷாஃபி மத்ஹபினர் தம் ஆலிமிடம் தனியே கேட்டுக்கொள்ளவும்.

‘நம் பணம் நம் கையில் இருக்கட்டும்’ என்று வேலை மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும். இடையில் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரை செய்த சேவை கணக்கில் வராது. பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்வதே நலம். முதலாளி மாதாமாதம் பணம் கட்டுகிறாரா என்பதைப் பாஸ்புக்கில் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

எடுத்த பணம் எங்கே போகிறது? பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் லாபம் தருவதாகச் சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தார். 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டைவிட்டே போனார். ஜூலையில் திரும்பியபோது கைதானார். பிறர் நிலையும் இதுதான். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் ஓய்வுபெற்ற முதியோர் பலர் பணம் போட்டிருந்தனர். போட்டதைத் திரும்பப் பெற முடியாமல் அவர்கள் புகார் கொடுக்க, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். தாடியும் தொப்பியும் ஜாமீனாகா. நூற்றைம்பது வருடப் பெயர்ப்பலகையும் ஜாமீனாகாது. மாதம் தவறாமல் இவ்வளவு லாபம் என்று உறுதி கூறுவோரிடம், எந்த வியாபாரத்தில் அந்த லாபம் வருகிறது, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்று கேளுங்கள். நஷ்டமே வராத கூட்டு வியாபாரம் இருந்தால் அது வட்டியின் வேறு பெயரேயாகும்.

நம் பெண்மணிகள் பலருக்கு உஸ்மான் சாலை நகைக்கடைதான் சேமிப்புக் கிடங்கு. (அந்தச் சாலைக்குப் பெயர் தந்த முஹம்மத் உஸ்மான் சாகிப் 1934இல் சென்னை மாகாணத் தற்காலிக கவர்னராய் இருந்தவர்.) தங்கம் நல்ல சேமிப்பே. ஆயினும் விற்கும்போது கொடுத்த செய்கூலி திரும்பாது. 87.48 கிராம், அதாவது ஏறக்குறைய 11 பவுன் சேர்ந்து ஓராண்டு நிறைந்தால் ஜகாத் கடமை. அணியும் நகைக்கும் ஹனஃபி மத்ஹபில் இதே சட்டம்தான்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. வேலையில் சேர்ந்த அன்று நாமினி என்ற இடத்தில் தாயார் பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். நாமினி பணத்தை வாங்கும் அமானத்தாளரே அன்றி உரிமையாளர் அல்லர். பிராவிடண்ட் ஃபண்டு வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும் 2009இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மகனுக்கு இரு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. வாரிசல்லாதவருக்கு வஸிய்யத் செய்வதும் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. பி.எஃப். எண், வங்கிக் கணக்கு, கொடுக்கல் வாங்கல் கடன்கள், தராமல் நிற்கும் மஹர், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெற்று, அந்த நோட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறதென்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.