தடைக்காலத்துக்கு முன்னே ஒரு கணக்கு



ஜூன் 14-ம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போய்வருகின்றன. கரையில் ஏலச் சத்தம் கேட்கிறது. வீடுகளில் குழம்பு மணக்கிறது. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். இந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே உங்களோடு ஒரு காரியம் பேசவேண்டியிருக்கிறது.

சென்ற மே மாதத்தில் ஒருநாள் மாலை, ஜெபமாலை முடிந்தபின், ஒரு தாய் என் வாசலில் வந்து நின்றாள். மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த சங்கிலியை அடகுவைத்து அரிசி வாங்கியாகிவிட்டது. கல்லூரியிலே பணங்கட்டும் நாளோ நெருங்குகிறது என்று சொல்லி அழுதாள். அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இருந்தது, வழி இல்லை. அந்த வழியைத் தேடியதன் பலனே இந்தப் பாடம்.

1. வேதம் காட்டும் கணக்கு

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று நமதாண்டவர் கேட்டதை அர்ச். லூக்காஸ் 14-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். "உட்கார்ந்து" என்பதைக் கவனியுங்கள். நடந்துகொண்டே மனதுக்குள் போடும் கணக்கு கணக்காகாது.

ஆதியாகமம் 41-ம் அதிகாரத்தில் யாக்கோபின் குமாரனாகிய சூசை, ஏழு வருஷம் விளைச்சலும் ஏழு வருஷம் பஞ்சமும் வருமென்று அறிந்து, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கும்படி பாரவோன் அரசனுக்கு யோசனை சொன்னார். பஞ்சம் வருவதை அவர் கனவின் மூலம் அறிந்தார். நமக்கோ கனவு தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று நாட்காட்டியே சொல்லுகிறது. தடை விசைப்படகுக்கே உரியதாயினும், நாட்டுப்படகு வைத்திருப்போருக்கும் காற்று அடித்துக் கடல் அடைபடும் நாட்கள் உண்டு. கூலிவேலை செய்வோருக்கும் மழைக்காலம் உண்டு. ஆகையால் இப்பாடம் எல்லாருக்கும் பொருந்தும்.

"நாளையைப்பற்றிக் கவலைப்படாதிருங்கள் என்று கர்த்தர் சொல்லவில்லையா, சுவாமி?" என்று சிலர் கேட்பீர்கள். அவர் விலக்கியது கவலையை, முன்யோசனையை அல்ல. ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரைப் போஷித்தவர், மிஞ்சின துண்டுகள் வீணாகாதபடி பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் சொன்னாரன்றோ?

2. ஐந்தில் ஒன்று

ஒரு குடும்பத்துக்கு, கடலுக்குப் போகும் பத்து மாதங்களில் சராசரியாக மாதம் ரூ.15,000 வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு ரூ.3,000. அதை எடுத்துவைத்து, மீதி ரூ.12,000-ல் குடும்பம் நடக்கவேண்டும். பத்து மாதத்தில் சேர்வது ரூ.30,000. தடைக்காலத்தின் இரண்டு மாதச் செலவு, மாதம் ரூ.12,000 வீதம் ரூ.24,000. அதுபோக ரூ.6,000 கையில் நிற்கும். மகளின் படிப்புக்கோ, கூரைக்கோ, தையல் இயந்திரத்துக்கோ அதுவே விதை. மூன்று வருஷத்தில் ரூ.18,000.

கடல் மாதச் சம்பளம் தருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் ரூ.7,000 வரும், மறுவாரம் எண்ணெய்ச் செலவுக்கே காணாது. அதனால்தான் இவ்வளவு ரூபாய் என்று சொல்லாமல் ஐந்தில் ஒன்று என்கிறேன். ரூ.500 வந்தால் 100, ரூ.5,000 வந்தால் 1,000. கடைக்குப் போவதற்கு முன்னே, அன்றைக்கே எடுத்துவைக்க வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேர்க்கலாமென்று இருப்பவனுக்கு ஒருநாளும் மிஞ்சாது.

3. சேர்க்காவிட்டால் என்ன ஆகும்?

அதே குடும்பம் ஒன்றும் சேர்க்காமல், ரூ.24,000-ஐ ஐந்து வட்டிக்கு வாங்குகிறதென்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் மாதம் ரூ.1,200, பத்து மாதத்தில் ரூ.12,000. ஒரு மாதக் குடும்பச் செலவு முழுவதும் வட்டிக்குப் போய்விட்டது. முதலோ ஒரு காசும் குறையவில்லை. அதற்குள் அடுத்த தடைக்காலம் வந்து நிற்கிறது. அந்தத் தாயின் சங்கிலி போனதும் இப்படியேதான். ஆகவே பழைய கடன் உள்ளவர்கள், தடைக்காலத்துக்கு வேண்டியது போக மிஞ்சும் தொகையால் முதலில் வட்டி அதிகமான கடனின் முதலைக் குறைக்கவேண்டும்.

4. எங்கே வைப்பது?

வீட்டிலுள்ள பணம் கண்ணில் படும். கண்ணில் பட்டது கரையும். தடைக்காலப் பணத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ சேமிப்புக் கணக்கில் போடுங்கள்; வேண்டும்போது எடுக்கலாம். இலக்குக்கான பணத்தைத் தபால் நிலையத்தின் ஐந்து வருஷத் தொடர் வைப்பில் போடலாம்; மாதம் ரூ.100 முதல் கட்டலாம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் ரூ.1,500 செலுத்தினால் மத்திய, மாநில அரசுகள் ரூ.3,000 சேர்த்து ரூ.4,500 ஆகக் கொடுத்து வந்திருக்கின்றன. இவ்வருஷத்து விவரத்தை உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு, தவறாமல் சேருங்கள்.

5. ஒளிவு வேண்டாம்

புருஷன் வாங்கிய கடனைப் பெண்சாதி அறியாள். பெண்சாதி குழுவில் எடுத்த பணத்தைப் புருஷன் அறியான். இப்படிப்பட்ட வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது. வாரம் ஒருமுறை, குடும்ப ஜெபமாலை முடிந்ததும், இருவரும் ஒரு நோட்டை விரித்து வரவையும் செலவையும் எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளும் கூட இருக்கட்டும். குடிக்குப் போகும் பணத்தையும் மறைக்காமல் எழுதவேண்டும். நூறு பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு வரி செய்யும்.

6. என் பங்குக் குற்றம்

உங்களை மட்டும் குறைசொல்வது நீதியல்ல. திருவிழா வரி ரூ.1,200-ஐ ஒரே தடவையில் கேட்டுவந்தோம். அதற்காகவே வட்டிக்கு வாங்கிய வீடுகள் உண்டென்று இப்போதுதான் அறிந்தேன். அர்ச்சியசிஷ்டவரின் பெயரால் ஒரு குடும்பம் கடனாளியாவது அவருக்கு மகிமையாகாது. பங்குப் பேரவையோடு பேசி முடிவுசெய்தபடி, இனி மாதம் ரூ.100 வீதம் கட்டலாம். தடை மாதங்களில் கட்ட முடியாதவர்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தில் ஒன்று அல்ல, ஐம்பதில் ஒன்றுகூட எடுக்க முடியாத வீடுகளும் நம்மிடையே உண்டு. விதவைகளும் நோயாளிகளும் இதை வாசித்து மனம் நொந்துபோக வேண்டாம். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் வருஷத்திய "ரேரும் நோவாரும்" நிருபத்தில், குடும்பத்தைக் காத்துக் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கும்படியான கூலி தொழிலாளிக்கு வேண்டுமென்று படிப்பித்தார். கூலி போதாதபோது குற்றம் ஏழையினுடையதல்ல. அத்தகையோர் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையாரிடமோ என்னிடமோ கூச்சமில்லாமல் வாருங்கள்.

நினைவில் வைக்க:

வினா: சேமிப்பு பேராசை ஆகுமா?
விடை: தனக்கென்றே குவிப்பது பேராசை. குடும்பத்தின் கடமைக்கும் அயலானின் தேவைக்கும் சேர்ப்பது விவேகம்.

வினா: எப்போது எடுத்துவைக்க வேண்டும்?
விடை: பணம் கைக்கு வந்த அன்றைக்கே, மற்றச் செலவுகளுக்கு முன்னே.

வினா: முதல் இலக்கு எது?
விடை: வருகிற தடைக்காலத்தைக் கடன் வாங்காமல் கடப்பது.

இந்த வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டு, அதன் கீழே உங்கள் இலக்கையும் அதற்கு வேண்டிய தொகையையும் எழுதுங்கள். நாசரேத்தூரில் தச்சுவேலை செய்து திருக்குடும்பத்தைக் காப்பாற்றிய அர்ச். சூசையப்பர் உங்கள் கைவேலையை ஆசீர்வதிக்க மன்றாடுவாராக. வருகிற ஏப்ரல் 15-ந் தேதி காலையில் படகைக் கரையில் கட்டும்போது, எந்த வாசலிலும் போய் நிற்க வேண்டாதவர்களாய் நீங்கள் வீடு திரும்பவேண்டும் என்பதே என் மன்றாட்டு.

உங்கள் பங்குக்குரு