கழிமுகத்தில் பிரீம் மீன் பிடித்தல்

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்று புவியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். கழிமுகம் என்றவுடன் சேற்று நிலமும் நாரைகளும் நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் ஒரு மாநகரத்தின் நடுவிலேயே அமைந்த கழிமுகமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னித் துறைமுகம் அத்தகையது. பழங்காலத்தில் அது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்காக இருந்தது. கடைசிப் பனியூழியின் பனிப்பாறைகள் உருகிக் கடல் மட்டம் உயர்ந்தபோது, அப்பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. பரமட்டா ஆறு மேற்கிலிருந்து வந்து அதில் கலக்கிறது. கரை நெடுகிலும் அடுக்கு மாடி வீடுகளும் படகுத் துறைகளும் உள்ளன. குறுக்கே 1932இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலம் வளைந்து நிற்கிறது. மாணவியரே, இந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

விடுமுறை நாட்களில் இக்கரையில் தூண்டிலும் கையுமாகப் பலர் நிற்பதைக் காணலாம். அவர்கள் பெரிதும் விரும்பும் மீன்களுள் ஒன்று மஞ்சள் துடுப்புப் பிரீம். இதற்கு விலங்கியலார் இட்ட பெயர் அகாந்தோபேகரஸ் ஆஸ்திராலிஸ். (இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மீன்கள் நம் இந்தியக் கழிமுகங்களிலும் வாழ்கின்றன.) வெள்ளி நிற உடல், உயர்ந்த முதுகு, குத்தும் முதுகு முட்கள், அடிப்புறத்தில் மஞ்சள் சாயல் கொண்ட துடுப்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள். வாயைத் திறந்து பார்த்தால் நம் கடைவாய்ப் பற்களைப் போன்ற தட்டையான பற்கள் இருக்கும். சிப்பி, மட்டி, நண்டு ஆகியவற்றின் ஓட்டை நொறுக்குவதற்கு இவை பயன்படுகின்றன. இறாலையும் சேற்றுப் புழுவையும்கூட இது விடுவதில்லை.

குளிர்காலத்தில் இம்மீன்கள் ஆற்று வாயருகே கூடி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து கடற்புற்களின் நடுவே ஒளிந்து வளர்கின்றன. இன்னொரு வியப்பான செய்தியும் உண்டு. ஆணாக வாழ்வைத் தொடங்கும் மீன்களில் சில பின்னர் பெண்ணாக மாறிவிடுகின்றன. வளர்ச்சியோ மிக மெது. இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளத்தை எட்டச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். நாம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற காலத்தில் அது ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேல் வளர்ந்திருக்கும், அவ்வளவுதான்!

பிரீம் சந்தேகப் பிராணி. தடித்த நரம்பைக் கண்டால் இரையைத் தொடாது. ஆகவே மெல்லிய நரம்பும், சிறிய முள்ளும், இறால் துண்டோ ரொட்டி உருண்டையோ போதும். அந்தி நேரமும், நீர் ஏறி வரும் நேரமும் ஏற்றவை. ஏற்றத்தில் நீர் உயரும்போது, அதுவரை வெளியே தெரிந்த சிப்பிப் பாறைகளை மீன்கள் தேடி வரும். முதலில் மெல்லக் கொத்திப் பார்க்கும். அவசரப்பட்டுச் சுண்டினால் வெறும் முள்தான் மிஞ்சும். முள் மாட்டியதும் அது நேரே சிப்பி ஒட்டிய தூண்களை நோக்கி ஓடும். சிப்பியின் விளிம்பு கத்திபோல் நரம்பை அறுத்துவிடும். இங்கேதான் பிடிப்பவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது.

இந்த விளையாட்டுக்குச் சட்டமும் உண்டு. இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனை நீரிலேயே விட்டுவிட வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் பொதுவாகக் கட்டணம் செலுத்த வேண்டும். கடலிலும் கழிமுகத்திலும் மீன் பிடிப்போருக்கு இக்கட்டணம் 2001இல் வந்தது. விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மீன் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால், இரக்கப்பட்டு அதைப் பிடுங்கி எடுப்பவர்களே அதிகம். அது தவறு என்று அங்குள்ள மீன்வள ஆய்வாளர்கள் சோதித்துக் கண்டார்கள். முள்ளைப் பிடுங்கினால் பெரும்பாலானவை இறக்கின்றன. வாயருகே நரம்பை வெட்டி விட்டால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. பல மீன்கள் நாளடைவில் முள்ளைத் தாமே வெளியேற்றிவிடுகின்றன.

இனி அந்தப் பாலத்துக்கு வருவோம். அதற்கு மேற்கே பிடித்த மீன் எதையும் உண்ண வேண்டாம் என்று அரசு அறிவுறுத்துகிறது. கிழக்கே பிடித்ததானால், பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. வணிக மீன்பிடிப்போ 2006இல் அடியோடு நிறுத்தப்பட்டது. காரணம் டையாக்சின் என்னும் நஞ்சு. ஆற்றங்கரையில் ரோட்ஸ் என்ற இடத்தில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் தொழிற்சாலை களைக்கொல்லிகளைச் செய்து வந்தது. போபால் நகரின் துயரத்தோடு 1984இல் நாம் கேட்ட அதே பெயர்தான். ஒருவகைக் களைக்கொல்லியைச் செய்யும்போது டையாக்சின் வேண்டாத துணைப்பொருளாக உண்டாகிறது. கழிவுகள் ஹோம்புஷ் விரிகுடாவின் கரையிலும் சேற்றிலும் சேர்ந்தன. இந்நஞ்சு நீரில் எளிதில் கரையாது, சேற்றுத் துகளோடு ஒட்டிக்கொள்ளும். சேற்றைப் புழு தின்னும், புழுவைப் பிரீம் தின்னும், பிரீமின் கொழுப்பில் நஞ்சு தங்கும். உணவுச் சங்கிலி என்று நாம் கரும்பலகையில் அம்புக்குறி இட்டு வரைகிறோமே, அது இதுதான். சமைத்தாலும் நஞ்சு அழியாது. பிற்காலத்தில் மண்ணையும் சேற்றையும் தோண்டியெடுத்துச் சூடேற்றித் தூய்மை செய்தார்கள். ஆயினும் அலையும் நீரோட்டமும் முன்பே பரப்பிவிட்டதை யாரால் திரட்ட முடியும்?

எனவே பாலத்துக்கு மேற்கே தூண்டில் போடுபவர் மீனை அளந்து பார்த்து, மகிழ்ந்து, திரும்ப விட்டுவிடுகிறார். பொழுதுபோக்குக்கு வந்தவருக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. குழம்புக்கு மீன் கிடைக்கும் என்று வந்தவருக்கோ அந்த அறிவிப்புப் பலகை பெரிய ஏமாற்றம்.

ஆங்கிலேயர் 1788இல் வந்து குடியேறியபோது அத்துறைமுகத்தில் தூண்டிலிட்டவர்கள் பெண்களே. ஆண்கள் ஈட்டியால் குத்தி மீன் பிடிப்பார்கள். பெண்கள் மரப்பட்டைத் தோணியில் குழந்தையோடு அமர்ந்து, சிப்பி ஓட்டைத் தேய்த்துச் செய்த முள்ளாலும் பட்டை நாரில் திரித்த கயிற்றாலும் பிடிப்பார்கள். தோணியின் நடுவே களிமண் பரப்பி அதன்மேல் நெருப்பு வைத்திருப்பார்கள். பிடித்த மீனை அங்கேயே சுட்டு உண்பார்கள். அவர்களுள் பரங்கரூ என்ற பெண்மணி புகழ்பெற்றவர். 1791இல் இறந்தார். இன்று சிட்னியின் கரையில் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அது பாலத்துக்கு மேற்கே இருக்கிறது.