நிர்ப்பீடனக் கலங்களின் சீ.டீ.4 வாங்கியும் நோயறிதலும்

விஞ்ஞானம் – க.பொ.த. (சாதாரண தரம்)
அலகு: குருதியும் நிர்ப்பீடனமும்



குருதியின் கூறுகளைப் படிக்கும்போது "வெண்குழியங்கள் உடலை நோய்களிலிருந்து பாதுகாக்கின்றன" என ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த அலகிற்குச் சென்றுவிடுகின்றோம். அந்த ஒரு வரிக்குள் நடைபெறும் வேலை மிகப் பெரியது. இப்பாடத்தில் வெண்குழியமொன்றின் மேற்பரப்பிலுள்ள ஒரேயொரு மூலக்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கின்றது, அதை எண்ணிப் பார்ப்பதால் வைத்தியர் எதை அறிகின்றார், எதை அறிய முடியாது என்பவற்றைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சம்பவம். 1981 ஜூன் 5ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட வார அறிக்கையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றது. அதுவரை சுகதேகிகளாக இருந்த அவர்களுக்கு நியூமோசிஸ்ரிஸ் எனும் பங்கசினால் நியூமோனியா ஏற்பட்டிருந்தது. ஆரோக்கியமானவர்களை இப்பங்கசு நோயாளியாக்குவதில்லை. அறிக்கை வெளியாகும்போது அவர்களில் இருவர் இறந்துவிட்டனர். இவ்வாறான நோயாளிகளின் குருதியைச் சோதித்தபோது நிணநீர்க்குழியங்களில் ஒரு குறிப்பிட்ட வகை மட்டும் ஏறத்தாழ இல்லாமற் போயிருந்தமை தெரியவந்தது. அந்த வகையின் அடையாளமே இன்று நாம் சீ.டீ.4 என அழைக்கும் வாங்கியாகும்.

வாங்கி என்பது யாது?

கல மென்சவ்வு இலிப்பிட்டினாலும் புரதத்தினாலும் ஆனது. அப்புரதங்களுள் சில கலத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குறித்த வடிவமுடைய மூலக்கூறு ஒன்று வந்து பொருந்தும்போது அச்செய்தியைக் கலத்தின் உள்ளே கடத்தும் புரதமே வாங்கி எனப்படும். பூட்டுக்கு அதற்குரிய திறப்பு மட்டும் பொருந்துவது போன்றது இது. சீ.டீ.4 ஒரு கிளைக்கோபுரதம். அதாவது வெல்ல மூலக்கூறுகள் இணைந்த புரதம். பெயரிலுள்ள 4 வெறும் வரிசை எண்ணே. பல ஆய்வுகூடங்கள் ஒரே மூலக்கூற்றுக்குப் பல பெயர்களை வைத்துக் குழப்பியதால், 1982 இல் பாரிசில் கூடிய விஞ்ஞானிகள் வெண்குழிய மேற்பரப்பு மூலக்கூறுகளுக்குச் சீ.டீ. என்ற பொதுப் பெயரையும் இலக்கங்களையும் வழங்கினர்.

நிணநீர்க்குழியங்கள் என்பு மச்சையில் உருவாகின்றன. அவற்றுள் தைமசுச் சுரப்பிக்குச் சென்று முதிர்ச்சியடைபவை ரீ கலங்கள் எனப்படும். ரீ கலங்களிலும் இரு பிரதான வகைகள் உண்டு. சீ.டீ.4 ஐக் கொண்டவை உதவி ரீ கலங்கள், சீ.டீ.8 ஐக் கொண்டவை தொற்றுண்ட கலங்களைக் கொல்லும் ரீ கலங்கள். பெருந்தின்குழியங்கள் முதலான வேறு சில கலங்களிலும் சீ.டீ.4 சிறிதளவு காணப்படுகின்றது.

உதவி ரீ கலத்தின் தொழில்

கையில் முள் குத்திப் பற்றீரியா உட்சென்றதாகக் கொள்வோம். பெருந்தின்குழியம் அதை விழுங்கி நொதியங்களால் துண்டு துண்டாக்குகின்றது. அத்துண்டுகளில் ஒன்றைத் தனது மேற்பரப்பிலுள்ள விசேட புரதமொன்றின் மீது ஏந்திக் காட்டுகின்றது. உதவி ரீ கலம் நெருங்கி வந்து, தனது ரீ கல வாங்கியினால் அத்துண்டை "வாசிக்கின்றது". அதேவேளை சீ.டீ.4, துண்டைத் தாங்கிநிற்கும் விசேட புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது. ஒரு கை கடிதத்தை வாசிக்க மறு கை கடிதம் கொண்டுவந்தவரைப் பிடித்து நிறுத்துவது போல இதனைக் கற்பனை செய்யலாம். இப்பிடி உறுதியாக இருந்தாற்றான் செய்தி கலத்தினுள் சரியாகக் கடத்தப்படும்.

செய்தி கிடைத்ததும் உதவி ரீ கலம் பிரிவடைந்து பெருகி, சைற்றோகைன்கள் எனும் இரசாயனப் பொருட்களைச் சுரக்கின்றது. இவற்றின் தூண்டலினால் பீ கலங்கள் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். கொல்லும் ரீ கலங்கள் செயற்படும். பெருந்தின்குழியங்களின் விழுங்கும் ஆற்றல் அதிகரிக்கும். உதவி ரீ கலம் தானாக எந்தக் கிருமியையும் கொல்வதில்லை என்பதைக் கவனிக்கவும். ஆயினும் அது இல்லாவிடின் மற்றைய கலங்கள் பெரும்பாலும் வேலை செய்யமாட்டா. விடை எழுதுவோர் பலர் இவ்விடத்தில் "உதவி ரீ கலம் பற்றீரியாவை அழிக்கும்" என எழுதிப் புள்ளியை இழக்கின்றனர்.

எச்.ஐ.வி. வைரசு நுழையும் வாயில்

எச்.ஐ.வி. வைரசு 1983 இல் பாரிசில் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசி, லூக் மொன்ரன்யே ஆகியோரின் குழுவினரால் இனங்காணப்பட்டது. இதற்காக இருவரும் 2008 இல் நோபல் பரிசைப் பெற்றனர். இவ்வைரசு ஏன் உதவி ரீ கலங்களைத் தேடிச் செல்கின்றது என்ற வினாவுக்கு 1984 இல் விடை கிடைத்தது. வைரசின் உறையிலுள்ள ஜீ.பீ.120 எனும் கிளைக்கோபுரதம் சீ.டீ.4 உடன் பொருந்தும் வடிவத்தைக் கொண்டது. உடலின் பாதுகாப்புக்கென அமைந்த பூட்டுக்குக் கள்ளத் திறப்பைச் செய்துகொண்டு வருகின்றது இவ்வைரசு.

எனினும் சீ.டீ.4 மட்டும் போதாது. சீ.சீ.ஆர்.5 அல்லது சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 எனும் இரண்டாவது வாங்கியும் தேவை என 1996 இல் அறியப்பட்டது. சிலர் பிறப்பிலேயே, பெற்றோர் இருவரிடமிருந்தும், சீ.சீ.ஆர்.5 இன் குறைபாடுள்ள பரம்பரையலகைப் பெற்றுள்ளனர். அவர்களுக்கு இத்தொற்று ஏற்படுவது மிக அரிது. பிறப்புரிமையியல் அலகைப் படிக்கும்போது இவ்வுதாரணத்தை நினைவிற் கொள்க.

உள்நுழைந்த வைரசு தனது ஆர்.என்.ஏ. ஐ டீ.என்.ஏ. ஆக மாற்றி, கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ. உடன் இணைத்துவிடும். பின்னர் அக்கலமே புதிய வைரசுக்களைத் தயாரிக்கும் இடமாகின்றது. காலப்போக்கில் சீ.டீ.4 கலங்கள் அழிகின்றன. சிகிச்சை பெறாத ஒருவரில் இது பெரும்பாலும் பல ஆண்டுகள் எடுக்கும். அக்காலத்தில் வெளித்தோற்றத்தில் அவர் சுகமாகவே இருப்பார்.

கலங்களை எண்ணுவது எவ்வாறு?

நுணுக்குக்காட்டியினூடாகப் பார்க்கும்போது உதவி ரீ கலமும் பீ கலமும் ஒரே மாதிரியே தோன்றும். வேறுபாடு மேற்பரப்பு மூலக்கூறுகளிலேயே உள்ளது. ஒரேயொரு வடிவத்துடன் மட்டும் பொருந்தும் பிறபொருளெதிரிகளைப் பெருமளவில் தயாரிக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்ரைனும் 1975 இல் வெளியிட்டனர். சீ.டீ.4 இற்குப் பொருந்தும் அத்தகைய பிறபொருளெதிரியுடன் ஒளிரும் சாயமொன்றை இணைத்துக் குருதி மாதிரியில் சேர்ப்பர். பின்னர் புளோ சைற்றோமீற்றர் எனும் கருவியில் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரைக் கடந்து செல்லும். சாயம் ஒட்டிய கலம் ஒளிரும். கருவி அதை எண்ணும்.

வளர்ந்த ஆரோக்கியமானவரில் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 500 தொடக்கம் 1500 வரையான சீ.டீ.4 கலங்கள் உள்ளன. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரில் இது 200 இலும் குறையும்போது நோய் முற்றிய நிலையாகக் கருதப்படும். முற்கூறிய நியூமோசிஸ்ரிஸ் நியூமோனியா பெரும்பாலும் இம்மட்டத்திற்குக் கீழேயே தோன்றும். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து, அந்நோய் வருமுன்னரே தடுப்பு மருந்து கொடுக்க முடிகின்றது. காசநோயோ எம்மட்டத்திலும் வரலாம்.

மிகப் பெரிய தவறு

சீ.டீ.4 எண்ணிக்கை குறைந்தால் எச்.ஐ.வி. உள்ளது என எழுதுவது தவறு. காசநோய், வேறு சில வைரசுத் தொற்றுக்கள், ஸ்ரீரொயிட் மருந்துகள் ஆகியவற்றாலும் அது குறையலாம். ஒரே ஆளில் காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருப்பதுண்டு. மறுபுறம், அண்மையில் தொற்றுண்டவரின் எண்ணிக்கை சாதாரண வீச்சினுள் இருக்கலாம். தொற்று உண்டா இல்லையா என்பதை எலைசா போன்ற, வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரியையோ வைரசின் பகுதிகளையோ தேடும் சோதனைகளே காட்டும். முதற் சோதனை நேர்விளைவு காட்டினாலும் வேறு சோதனையால் உறுதிசெய்த பின்னரே முடிவு கூறப்படும். ஒருவரின் தொழிலும் குடும்பமும் அயலவரின் மதிப்பும் இம்முடிவில் தங்கியிருப்பதால் இங்கு அவசரத்திற்கு இடமில்லை. இலங்கையில் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இச்சோதனையை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம்.

முன்னர் மருந்தை எப்போது தொடங்குவது என்பதையும் இவ்வெண்ணே தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 2010 இல் 350 ஆகவும் 2013 இல் 500 ஆகவும் இருந்தது. 2015 இல் எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டுமென அந்நிறுவனம் பரிந்துரைத்தது. இன்று சீ.டீ.4 எண்ணிக்கை, நோயாளி வந்துசேரும்போது எந்த நிலையில் உள்ளார் என்பதை அறியவே முக்கியமாகப் பயன்படுகின்றது. மருந்து வேலை செய்கின்றதா என்பதைக் குருதியிலுள்ள வைரசின் அளவு காட்டும். சில வகை இரத்தப் புற்றுநோய்களில், புற்றுக் கலம் எவ்வகை நிணநீர்க்குழியத்திலிருந்து தோன்றியது என அறியவும் சீ.டீ.4 உதவுகின்றது.

மாதிரி வினா

இருவரின் குருதி அறிக்கை வருமாறு. "அ": ஒரு கன மில்லிமீற்றரில் வெண்குழியங்கள் 6000, அவற்றில் நிணநீர்க்குழியங்கள் 30%, நிணநீர்க்குழியங்களில் சீ.டீ.4 கலங்கள் 45%. "ஆ": முறையே 5000, 20%, 16%.

(i) ஒவ்வொருவரினதும் சீ.டீ.4 எண்ணிக்கையைக் காண்க.
(ii) "ஆ" இற்கு எயிட்ஸ் எனக் கூற முடியுமா? காரணம் தருக.
(iii) தொற்றுண்டு ஒரு வாரமான ஒருவரின் பிறபொருளெதிரிச் சோதனை எதிர்விளைவு காட்டியது. விளக்குக.

விடை

(i) அ: 6000 × 30/100 = 1800; 1800 × 45/100 = 810.
ஆ: 5000 × 20/100 = 1000; 1000 × 16/100 = 160.
45% ஐ நேரடியாக 6000 இனால் பெருக்க வேண்டாம். அந்த வீதம் நிணநீர்க்குழியங்களுக்கு உரியது.

(ii) முடியாது. 160 என்பது நிர்ப்பீடனம் குன்றியுள்ளதைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது. எச்.ஐ.வி. சோதனை செய்து உறுதிப்படுத்தப்படல் வேண்டும்.

(iii) பீ கலங்கள் தூண்டப்பட்டு, கண்டறியத்தக்க அளவு பிறபொருளெதிரியை உண்டாக்கச் சில வாரங்கள் எடுக்கும். இது சாளரக் காலம் எனப்படும். இக்காலத்தில் சோதனை எதிர்விளைவு காட்டினாலும் அவரது குருதியில் வைரசு உண்டு. பிறருக்குத் தொற்றவும் கூடும். ஆகையால் தொற்றுக்கு வாய்ப்பிருந்ததாகக் கருதுபவர் அக்காலத்தில் குருதித் தானம் செய்யலாகாது. வைத்தியர் குறிப்பிடும் காலம் கழிந்தபின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.