விமானி விண்ணேகிய வரலாறு

1949இல் பட்டியாலாவிற் பிறந்த ராகேஷ் சர்மா, 1971ஆம் ஆண்டுப் போரில் மிக்-21 விமானஞ் செலுத்தியவர். விண்வெளிப் பயணத்துக்கு 1982இல் தெரிவான அவர், மாஸ்கோவுக்கு அண்மையிலுள்ள நட்சத்திர நகரத்தில் மீண்டும் மாணாக்கரானார். அங்கே பயிற்சிமொழி ருஷ்யம். முப்பது வயது கடந்தபின் அதனைப் புதிதாகக் கற்றார். (வார இறுதித் தமிழ் வகுப்பே பாரமென்போர் கவனிக்க!)

1984 ஏப்ரல் 3ஆந் திகதி, மாலிஷெவ், ஸ்த்ரெகாலொவ் ஆகியோருடன் சோயுஸ் டி-11 கலத்தில் ஏகி, சல்யூட்-7 நிலையத்தில் தங்கி, 11ஆந் திகதி மீண்டார். விண்ணிலிருந்து இந்தியா எவ்வாறு தோன்றுகிறதென்று பிரதமர் இந்திரா காந்தி வினவியபோது, பள்ளிப் பருவத்திற் பாடிய இக்பாலின் உருதுப் பாடலடியொன்றையே அவர் விடையாக மொழிந்தார். அவ்விடையையே நாம் பெரிதும் போற்றுகிறோம்.

சென்னையிற் பிறந்த விமானி அஜித் கிருஷ்ணனும், ககன்யான் பயணத்திற்கென, 2020 முதல் 2021 வரை அந்நகரத்திலேயே பயின்றார்.