நரசிங்கம்பேட்டைதான் வேண்டுமா?

எங்கள் நைனார்பாளையம் வீட்டில் நாயனம் வாங்கும் பேச்சு வந்தால் வேறு ஊர்ப் பெயர் அடிபடாது. விருத்தாசலம் வழியாகக் கும்பகோணம் போ, மயிலாடுதுறை பஸ் ஏறு, ஆடுதுறை தாண்டியதும் இறங்கு. அவ்வளவுதான். அக்கா மகன் இந்த ஐப்பசியில் வாங்கப் போகிறான். மாசித் திருவிழாவுக்குள் கைக்குப் பழகிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. "மாமா, அந்த ஊருப் பேருக்குத்தான காசு கேக்கறாங்க? சேலத்துலயே ஒண்ணு பாத்தா என்ன?" என்றான். நியாயமான கேள்வி. நான் வாசிப்பவன் இல்லை. வாசிப்பவர்கள் வீட்டில் பிறந்து, ஒத்து ஊதி, அப்புறம் சுருதிப் பெட்டி தூக்கியவன். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரம். நரசிங்கம்பேட்டையில் உலவை, அதாவது நாயனத்தின் மரக்குழலை, கடைவது ஆச்சா மரத்தில். அதுவும் புது மரமல்ல. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும். நூறு வயதைத் தொட்ட கட்டை கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பக்தியினால் அல்ல. பச்சை மரத்தில் இருக்கும் ஈரம் வெளியேற வெளியேற மரம் சுருங்கும், முறுக்கும், கடைசியில் வெடிக்கும். கூரைக்கு அடியில் மூன்று தலைமுறை நின்ற மரம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். நாயனத்துக்கு உள்ளே போவது வாயின் ஈரக்காற்று; வெளியே காய்வது எங்கள் பக்கத்துப் பங்குனி வெயில். நடுவில் நின்று இரண்டையும் தாங்க வேண்டியது அந்த மெல்லிய மரச் சுவர். மேல்நாட்டில் ஓபோவும் கிளாரினெட்டும் செய்கிறவர்கள் ஆப்பிரிக்காவின் கருமரத்தைத் தேடுவதும் இப்படிப்பட்ட கனத்துக்கும் இறுக்கத்துக்கும்தான்.

என் பெரியப்பா ஒருமுறை, 'அசல் நரசிங்கம்பேட்டை' என்று யாரோ திருவிழாக் கடையில் விற்றதை மலிவாக வாங்கி வந்தார். சித்திரை முடிவதற்குள் உலவில் மயிரிழை விரிசல். மெழுகு வைத்து அடைத்து ஒரு முகூர்த்தத்தை ஒப்பேற்றினார். மேல் ஸ்தாயியில் நாதம் இரண்டாகப் பிளந்தது. மாப்பிள்ளை வீட்டார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அந்த உலவு பிறகு என் தங்கைக்கு விளையாட்டுச் சாமான் ஆனது.

இப்போது அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அது பெயருக்குப் போட்ட வேலி. உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு உலவு இனிக்கும் என்று எவரும் அதில் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. எல்லாம் கைவேலை. ஒரே பட்டறையில் ஒரே மரத்தில் கடைந்த இரண்டில் ஒன்று பேசும், ஒன்று முனகும்.

நம் மாவட்டத்து மரச் சிற்பத்துக்கும் 2021-ல் இதே குறியீடு வந்தது. 'கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் கட்டையில் பிள்ளையாரையே எழுப்புகிறார்கள், ஒரு குழலைக் கடைய முடியாதா' என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. வெளி வடிவம் மட்டும்தான் நாயனம் என்றால் முடியும். சங்கதி உள்ளே இருக்கிறது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளிப் பக்கம் குறுகி, அடியில் அகன்ற வாயான அணசுப் பக்கம் போகப் போக விரிகிற துளை அது. அந்த விரிவு எங்காவது ஒரு நூல் பிசகினால் கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒன்றோடொன்று ஒட்டாது. விரலுக்கு 7 துளை. அதற்கும் கீழே, மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்ய 5 துளை. இது வேறு தொழில். நம் ஊர்ச் சிற்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டை பழசா புதுசா என்று தடவிப் பார்த்தே சொல்வார். கடைகிற வேலை கடைகிறவருடையது.

அந்த ஊரின் புகழ் மரத்தால் மட்டும் வந்ததும் அல்ல. முன்பு எல்லோரும் வாசித்தது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி நாலு, ஐந்து கட்டை. அதில் பிரதிமத்யமம் தானாக வரும்; சுத்த மத்யமத்தை விரலாலும் மூச்சாலும் வருத்தி வரவழைக்க வேண்டும். பக்கத்துத் திருவாவடுதுறையில் இருந்த ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து, சுத்த மத்யமத்தைத் துளையிலேயே வைத்துக் கொடுத்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது; நாதம் கனத்தது. கச்சேரி மேடை மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வாசிப்பவரும் ஆசாரியும் அடுத்தடுத்த ஊர்க்காரர்களாக இருந்ததால் நடந்த காரியம் இது. அந்த ஊருக்கு நான் மதிப்பு கொடுப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

அப்படியானால் பாரிதானா? கல்யாணத்துக்கு, மைக் வைத்த மண்டபத்துக்கு, கீர்த்தனைக்கு, சினிமாப் பாட்டுக்கு பாரிதான். ஆனால் எங்கள் பக்கத்து மாரியம்மன் ஊர்வலம், நையாண்டி மேளம், வயல்வெளியில் பம்பைச் சத்தத்தோடு போட்டி என்றால் திமிரியின் கூர்மை வேண்டும். கூத்துக்காரர்கள் சின்னஞ்சிறு முகவீணையை இன்றும் விடாமல் இருப்பது சும்மாவா? தாத்தா காலத்துத் திமிரி பரணில் இருந்தால் 'பழசு' என்று தள்ளிவிடாதீர்கள். விரிசல் இல்லாத பழைய உலவு, புதுசை விட மேல். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு பாரியின் இடைவெளிக்கு விரல் எட்டாது என்பதையும் யோசியுங்கள்.

வெள்ளி, பித்தளை நாயனங்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. பார்வைக்கு அழகு. கும்பகோணம் ஆதி கும்பேஸ்வரர் கோயிலில் கல் நாயனமே இருக்கிறது. போகிற வழிதான், பார்த்துவிட்டுப் போங்கள். அது வாங்குகிற சாமான் அல்ல.

இனி, நான் பல முறை தொண்டை வறளச் சொன்ன விஷயம்: சீவாளி. அக்கா மகன் போன வருஷம் ஒருவருடைய நல்ல ஆச்சா உலவை இரவல் வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, "சத்தம் வரல மாமா" என்று உதட்டைப் பிதுக்கினான். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தன் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சீவாளியை எடுத்து, உலவின் தலையில் இருக்கும் உலோகக் கெண்டையில் செருகிக் கொடுத்தார். அதே உலவு, அதே பையன். தெரு திரும்பிப் பார்த்தது. "உலவ நூறு பேரு பாத்தாச்சு, சீவாளிய யாருடா பாக்கறது?" என்றார். காவிரிக் கரை நாணலை வெட்டிக் காயவைத்துக் கட்டுவது சீவாளி. திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனி மரியாதை. நாக்குக்கும் மூச்சுக்கும் பக்கத்தில் இருப்பது அதுதான்; உலவு ஆயுசுக்கு ஒருமுறை, சீவாளி திரும்பத் திரும்ப. உலவில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், சீவாளியில் வேண்டாம்.

ஆக, அந்தப் பெயருக்கு உரிய மதிப்பு உண்டு, ஊருக்குப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து நீங்களே தேர்ந்தெடுத்தால். பெயரை மட்டும் கேட்டுக் கடையில் வாங்கினால் இல்லை. நாயனம் ஜோடியாக வாசிக்கிற வாத்தியம். கூட வாசிப்பவரையும் அழைத்துப் போங்கள், இருவருக்கும் ஒரே சுருதியில் ஒரே கையால் கடைந்ததாக எடுங்கள். சுருதிப் பெட்டியை வைத்து மேல் ஷட்ஜம் சேர்கிறதா பாருங்கள், இரண்டு மத்யமங்களையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஊதாமல் பணத்தை எடுக்காதீர்கள். எடுத்த எடுப்பில் இனித்தது, மூச்சு சூடானதும் குரல் மாறும்.

கிளம்பும்போது மறக்காமல் நீங்கள் தினமும் ஊதுகிற சொந்தச் சீவாளியை மடியில் முடிந்துகொள்ளுங்கள். பட்டறையில் கொடுப்பது அவர்களுடைய நல்ல சீவாளியாக இருக்கும். வீட்டுக்கு வந்து ஊதப்போவது உங்களுடையது.