படைவீரர் மனைவியின் ஏடுகள்

பேத்துப்பாறையில் வாழும் தங்கை மகளுக்குப் பெரியம்மாவின் ஆசிகள்.

2025 மே 7 முதல் 10 வரை நடந்த ஆபரேஷன் சிந்தூரின்போது கண்டதுபோல, மோதல் மூண்டதும் விடுப்பில் வந்த வீரர்கள் திரும்ப அழைக்கப்படுவதும், அவர்களுடைய கைபேசிகள் நாள்கணக்கில் எடுக்கப்படாமல் கிடப்பதும் படையின் நடைமுறையே தவிர அபசகுனம் அல்ல. பூண்டுக்குக் களையெடுக்கும் நேரத்திலும் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறும் மனைவியை அந்த மௌனத்தைவிடத் தொலைக்காட்சியே அதிகம் வதைக்கிறது. அந்த மே மாதத்தில் பொய்ச்செய்திகளை மறுப்பதே மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்குப் பெரும் வேலையாயிற்று. யானை நடமாடும் ஊரில் இருட்டிய பின் சிக்னலுக்காக மேட்டுக்குப் போவதும் வேண்டாத துணிச்சலே. வீரர் இருக்கும் ஊரை மறைப்பதற்காகவே '56 ஏ.பி.ஓ.' போன்ற எண்ணை ராணுவ அஞ்சல் முகவரியாகக் கொண்டிருக்க, அவ்வூரின் பெயரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது எவ்வளவு பேதைமை!

அழுகையைவிட அவசரமானது ஏடு. வீரரின் திருமணம், குழந்தை பிறப்பு போன்றவற்றைப் படைப்பிரிவு பதிந்து வெளியிடும் ஆணைக்குப் 'பார்ட் டூ ஆர்டர்' என்று பெயர். ஊரறியத் தாலி ஏறியிருந்தாலும், அதில் பெயர் ஏறாதவரை படையின் பதிவேட்டில் அவர் மணமாகாதவராகவே இருப்பார். மாமியார் தவறாக நினைப்பாரோ என்று இதைக் கேட்கத் தயங்கும் மருமகள்கள் பலர். காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்பது நல்லது.

கணவர் எல்லையில் இருக்கும் சமயம் பார்த்து வரப்புத் தகராறு நீதிமன்றம் ஏறுவதும் உண்டு. அதற்கென்றே 1925 ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம் இருக்கிறது: போர்க்காலப் பணியிலோ சிறப்புச் சூழலிலோ இருப்பதால் வீரர் நேரில் வர இயலவில்லை என்று உரிய படை அதிகாரி சான்றளித்தால், அவர் சார்பில் வழக்கை நடத்த ஆளில்லாதபோது, விசாரணையை நீதிமன்றம் ஒத்திவைக்கும், மாவட்ட ஆட்சியரும் நிலைமையை நீதிமன்றத்துக்கு எழுதலாம். சட்டம் தானாக வந்து காப்பாற்றாது, சான்று போய்ச் சேரவேண்டும். ஆகவே அழைப்பாணை வந்த அன்றே அதன் நகலைக் கணவரின் படைப்பிரிவுக்கு அனுப்பிவிடவேண்டும்.

இவ்வகை உதவிகளுக்கு வழிகாட்டும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பெயர் அப்படி இருந்தாலும், பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் உரியது. கணவரின் படை எண், பதவி, பிரிவு ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டும். கொடைக்கானல், வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லில் உள்ள அந்த அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுவதும் ஆகும் என்பதால், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முதல் நாளே ஆள் சொல்லி வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
பெரியம்மா